குல்லா வைத்த கடிதம்

டைரக்டருக்குத் தலையில் முடி இல்லை. அது ஒரு குற்றமில்லை. ஆனால் அதை மறைக்க அவர் கோடையிலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தார். கேட்டால், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்பார். கோழி நோய் ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளியிலிருந்து எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைக் குல்லா என்றே சொன்னார்கள். அந்தப் பெயருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. மேலே இருப்பவர்களுக்கு ஆளுக்கேற்ற அளவில் குல்லா போடுவதில் அவரை மிஞ்ச அந்தக் கட்டிடத்தில் ஆள் கிடையாது. வந்து இரண்டே வருடத்தில் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தது அப்படித்தான்.

செல்லக்காவும் பட்டப் பெயர்தான். செல் வளர்க்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிற அக்கா என்பதால் செல்லக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. என்றோ செத்துப்போன ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள், அவள் கையில் இன்னும் சாகாமல் பெருகிக்கொண்டிருந்தன. தட்டையான பிளாஸ்டிக் பிளாஸ்க்கின் அடியில் ஒட்டிக்கொண்டு அவை வளரும். மேலே மீடியம் என்கிற சிவப்புத் தண்ணீர், அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. செல்கள் தின்று கழிவை விட விட அந்தச் சிவப்பு ஆரஞ்சாகும், பிறகு மஞ்சளாகும். தினமும் காலையில் பிளாஸ்க்குகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். மஞ்சளாக இருந்தால், "பசிச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மீடியம் மாற்றுவாள். மைக்ராஸ்கோப் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவளிடம் ஒரே ஒரு குறை உண்டு. 'உடனே' என்று அவளுக்கு எழுத வராது. இரண்டு சுழி ன போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி ண போட்டு 'உடணே' என்று எழுதுவாள். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடிகளுக்கு அளவே இல்லை. ஒரு தடவை செல்களைச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியின் கதவில் 'உடணே மூடவும்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். டைரக்டர் அதைப் பிய்த்தெடுத்து, ணவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் தொங்கவிட்டார். ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த வருடம் அவர் செய்த சேவைகளில் அது முக்கியமானது.

அந்தக் குளிர்காலத்தில் கோழிகளுக்குச் சளிக் காய்ச்சல் வந்து பண்ணை பண்ணையாகக் காலியானது. செல்லக்காவின் தம்பி பண்ணையும் அதில் ஒன்று. ஒரு கொட்டகைக் கோழி அத்தனையும் ஐந்து நாளில் போயிற்று. கடைசியாகக் கையில் இருந்ததைப் போட்டு மூவாயிரம் குஞ்சு இறக்கியிருந்தான். இதுவும் போனால் பண்ணையே போச்சு. அது அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அப்போதுதான் டைரக்டர் மருந்து கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது என்றால், மண்ணில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து யாரோ பிரித்து வைத்திருந்த பொடியைச் செல்லக்கா வளர்த்த செல்களில், செல்லக்கா கையால் போடச் சொன்னார். வைரஸ் மட்டும் போட்ட தட்டுகளில் செல்கள் மூன்றே நாளில் செத்துக் கழன்று மிதந்தன. மருந்தும் சேர்த்துப் போட்ட தட்டுகளில் செல்கள் போட்டது போட்டபடி ஒட்டிக்கொண்டிருந்தன, வைரஸ் ஒன்றுகூடப் பெருகவில்லை. டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்.

கூட்டத்தில் அவர் பேசியதைச் செல்லக்கா கடைசி வரிசையில் நின்று கேட்டாள்.

"வைரஸுக்குன்னு சொந்தமா ஒண்ணுமே கிடையாதுங்க. அடுப்பு கிடையாது, பாத்திரம் கிடையாது, சமைக்க ஆள் கிடையாது. கையில ஒரே ஒரு சீட்டு வச்சிருக்கு. 'என்னை மாதிரி ஆயிரம் செய்'னு அதுல எழுதியிருக்கு. அவ்வளவுதான். செல்லுங்கிறது பெரிய சமையற்கூடம். அங்க இருக்கிற சமையல்காரங்க யாரு சீட்டு குடுத்தாலும் செய்ய மாட்டாங்க. சீட்டு தலையில ஒரு குல்லா இருக்கணும். அது ரசாயனக் குல்லா. குல்லா இருந்தா நம்ம வீட்டுச் சீட்டு, இல்லன்னா குப்பை. இந்தச் சளி வைரஸ் என்ன பண்ணுது தெரியுமா? செல்லோட சொந்தச் சீட்டுகளோட தலைய வெட்டி, அந்தக் குல்லாவத் தூக்கித் தன் சீட்டுல வச்சுக்குது. சமையல்காரங்க குல்லாவப் பாக்குறாங்க, கீழ என்ன எழுதியிருக்குன்னு பாக்குறதில்ல. வச்ச கை எடுக்காம வைரஸா சமைச்சுத் தள்ளுறாங்க. வீட்டுக்காரன் பட்டினி கிடந்து சாகுறான்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. செல்லக்கா மட்டும் தட்டவில்லை. போன வருடம் ஆய்வகம் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் சொன்ன கதை அது, வார்த்தைக்கு வார்த்தை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டைரக்டர் அன்றைக்கே அதன் தலையை வெட்டித் தன் பெயரை வைத்துக்கொண்டார். வைரஸையாவது மன்னிக்கலாம். தான் வைரஸ் என்று அதற்குத் தெரியாது.

"முதல்ல யாரு பண்ணையில மருந்து குடுத்துப் பாக்கலாம்?" என்று டைரக்டர் கேட்டபோது, கூட்டத்தில் முதலில் எழுந்த கை தம்பியுடையது. அவன் திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அவளால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அன்று காலையில்தான் அந்தத் தட்டுகளைக் கழுவப் போடுமுன் வழக்கம்போல ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருந்தாள். எதுவுமே போடாத தட்டுகளில் மீடியம் மஞ்சளாகியிருந்தது. மருந்து போட்ட தட்டுகளில் இத்தனை நாள் கழித்தும் ஊற்றிய அன்றைக்கு இருந்த அதே சிவப்பு. செல்கள் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் டைரக்டர் அறைக்குப் போனாள்.

"சார், மருந்து போட்ட தட்டுல மீடியம் கலர் மாறவே இல்ல."

"கலர் பாக்குறதுக்கு இது என்னம்மா, துணிக்கடையா?" டைரக்டர் நிமிரவில்லை. விருது விழாவுக்கான பயணச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்லு சாப்பிடல சார். வைரஸ மட்டும் நிறுத்துற மருந்துன்னா செல்லு பாட்டுக்குச் சாப்பிட்டு வளரணும். இது சமையற்கூடத்தையே பூட்டிடுச்சோன்னு தோணுது. அடுப்பே அணைஞ்சா திருடனும் சமைக்க முடியாது, வீட்டுக்காரனும் சமைக்க முடியாது."

"செல்லெல்லாம் ஒட்டிக்கிட்டு நல்லா இருக்கு. சாயம் போட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் சாகல."

"ஒட்டிக்கிட்டு இருக்கு சார். நல்லா இருக்கான்னு தெரியாது. வைரஸ் போடாம, மருந்த மட்டும் போட்டு மூணு நாள் கழிச்சு எண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும். முதல்லயே அந்தத் தட்டையும் வைக்கலாம்னு சொன்னேன். நீங்கதான் தட்டு வீண்னீங்க."

டைரக்டர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். குல்லாவை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க முதல்ல 'உடனே'ன்னு ஒழுங்கா எழுதக் கத்துக்குங்க. அப்புறம் ஆராய்ச்சி பண்ணலாம். வியாழக்கிழமை மருந்து பண்ணைக்குப் போகுது. போங்க."

கூண்டில் பத்துக் குஞ்சுக்காவது கொடுத்துப் பார்க்க வேண்டாமா என்று நிலையத்தை மேற்பார்க்கும் குழுவில் ஒருவர் முன்பே கேட்டாராம். அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு போகவில்லை. இதைக் கேள்விப்பட்டதும் செல்லக்கா அந்த வழியில் முட்டிக்கொள்வதை விட்டுவிட்டு, நேரே தம்பியிடம் போனாள்.

தம்பி கொட்டகையில் குஞ்சுகளுக்கு மேல் தொங்கும் விளக்கை உயரம் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகத்தான் கேட்டான்.

"அக்கா, அவரு எவ்வளவு படிச்சவரு. டிவில வந்தாரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

"படிப்பு இருக்கட்டும்டா. கலரப் பாத்தவ நான்."

"நீ பிளாஸ்க் கழுவுறவ. அவரு டாக்டர்." சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "போன தடவ ஒவ்வொண்ணா தூக்கிக் குழியில போட்டது நான்தானே? நீ போடலையே. வியாழக்கிழமை மருந்து வருது, குடுக்கப் போறேன். இதுல மூக்க நுழைக்காத."

அவள் வெளியே வந்தாள். வண்டியைக் கிளப்பக் கை வரவில்லை. அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. அந்த மூவாயிரம் குஞ்சும் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, போட்டது போட்டபடி, வளராமல், தின்னாமல் நிற்கப்போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

திங்கட்கிழமை டைரக்டர் விருது வாங்க விமானம் ஏறினார். வெளியூர் போனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் பெயரும் பட்டங்களும் தலையில் அச்சடித்த வெற்றுத் தாள்கள் இருபதில் அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, டைப்பிஸ்ட் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவார். என்ன கடிதம் தேவையோ அடித்துக்கொள்ள வேண்டியது. எழுதும் சிரமம் மிச்சம், படிக்கும் சிரமமும் மிச்சம். அந்த நிலையத்தில் அந்தத் தலைப்பு இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. ஸ்டோர்காரர் அந்தத் தலைப்பைப் பார்க்காமல் பெற்ற தாய்க்கும் ஒரு பஞ்சு கொடுக்க மாட்டார். தலைப்பைப் பார்த்துவிட்டால் கட்டிடத்தையே தூக்கிக் கொடுப்பார்.

செல்லக்கா அன்று காலை ஜன்னலோரம், கழுவாமல் எடுத்து வைத்திருந்த ஒரு சிவப்புத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். தான் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அவளுக்கு நினைவு வந்தது. சமையல்காரர்கள் குல்லாவைத்தான் பார்ப்பார்கள். தட்டைக் கீழே வைத்தாள், ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுதினாள்.

டைப்பிஸ்ட் அம்மா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் வேலை செய்கிறவர். எழுதிக் கொடுத்ததை ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் அப்படியே அடிப்பார். பிழை திருத்துவது அவர் வேலையில் சேர்த்தி இல்லை, அதற்குத் தனியாகச் சம்பளம் வேண்டும் என்பது அவர் கட்சி.

"டைரக்டர் லெட்டர் ஒண்ணு அடிக்கணும்மா." செல்லக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. கண்டுபிடித்தால் வேலை போகும், அதோடு விடமாட்டார்கள்.

டைப்பிஸ்ட் அம்மா கையை நீட்டித் துண்டுத்தாளை வாங்கினார். யார் சொன்னார்கள், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தன காப்பி?"

"மூணு."

ஸ்டோருக்கு ஒன்று, மருந்தைச் சோதித்துப் பார்க்கும் தரப் பிரிவுக்கு ஒன்று, பண்ணைக்கு ஒன்று. மூன்று குல்லாக்கள் இழுப்பறையிலிருந்து வந்தன, மூன்றுக்கும் கீழே செல்லக்காவின் வாசகம் ஏறியது:

'மருந்துப் பீப்பாய்களை வெளியே அனுப்பக் கூடாது. ஒரு குப்பி மருந்தைச் செல் அறைக்கு உடணே கொடுக்கவும். வைரஸ் இல்லாமல் மருந்து மட்டும் போட்டு, செல்கள் பெருகுகின்றனவா என்று தரப் பிரிவு எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கு வரும்வரை ஒரு குஞ்சின் வாயிலும் ஒரு சொட்டு விழக் கூடாது.'

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துச் செல்லக்காவுக்கே பயம் வந்தது. இருபத்திரண்டு வருடம் அவள் வாயால் சொல்லி நடக்காத காரியம் இருபது நிமிடத்தில் நடந்தது. ஸ்டோர்காரர் தலைப்பைப் பார்த்தார், பீப்பாய்களுக்குப் பூட்டுப் போட்டார், குப்பியைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். தரப் பிரிவு அதிகாரி தடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு செல் அறைக்கே வந்துவிட்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவருக்கும் ஏன் என்று கேட்கும் உறுப்பே இல்லை போலிருந்தது.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். "தள்ளிப் போட்டுட்டாங்க! நீதானே எவன்கிட்டயோ வத்தி வச்ச?"

"நான் என்னடா வத்தி வைக்கிறது? யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க பாரு."

"டைரக்டர்தான்." அவன் குரல் இறங்கியது. "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

செல்லக்கா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

வியாழக்கிழமை காலை தரப் பிரிவு அதிகாரி எண்ணினார். தட்டுக்கு ஒரு லட்சம் செல் போட்டிருந்தார்கள். மருந்து போடாத தட்டில் ஐந்து லட்சத்துக்குப் பக்கமாகப் பெருகியிருந்தது, மஞ்சள் மீடியம். மருந்து போட்ட தட்டில் தொண்ணூற்றாறாயிரம், பளீரென்று சிவப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி எண்ணினார். அப்புறம் தட்டைப் பார்த்தபடியே, "இது மருந்தில்லம்மா, விஷம்" என்றார்.

டைரக்டர் வெள்ளிக்கிழமை விருதுக் கேடயத்தோடு வந்து இறங்கியபோது, அவர் அறையில் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் எண்ணிக்கைக் கணக்கு, அதன் மேல் கடிதம். செல்லக்காவைத் தட்டுகளோடு வந்து நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

டைரக்டர் கடிதத்தை எடுத்தார். தன் பெயரைப் படித்தார், அதில் அவருக்கு எப்போதும் ஒரு சுகம். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், நடுவில் இருந்ததைப் படித்தார். இரண்டாவது வரியில் அவர் கண் நின்றது. செல்லக்காவுக்கு அது எந்த வார்த்தை என்று அப்போதுதான் புரிந்தது. டைரக்டர் மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லவேளைங்க, நீங்க நிறுத்தினீங்க," என்றார் தலைவர். "ஒரு பண்ணையே அழிஞ்சு, நம்ம எல்லார் தலையும் உருண்டிருக்கும். இது நீங்க எழுதினதுதானே?"

'இல்லை' என்று சொன்னால், அப்படியானால் உங்கள் கையெழுத்து எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. இழுப்பறையைத் திறந்தால் மிச்சம் பதினேழு தாள் இருக்கிறது. இதையெல்லாம் கணக்குப் போட டைரக்டருக்கு அரை நிமிடம் பிடித்தது. அந்த அரை நிமிடத்தில் செல்லக்கா வாழ்நாள் முழுக்கப் பட வேண்டிய பயத்தைப் பட்டு முடித்தாள்.

"ஆமா," என்றார் டைரக்டர். "நான்தான் எழுதினேன்." குல்லாவைச் சரிசெய்துகொண்டார். குரல் திரும்பி வந்தது. "எனக்குள்ள ஏதோ ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு சார். அந்த மீடியத்தோட கலரு. அனுபவம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

தலைவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். செல்லக்கா தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். செத்த செல்லிலும் கடைசித் துளிவரை உறிஞ்சத் தெரிந்த மனிதர். காறித் துப்பலாம் போலிருந்தது. தரையைத் துடைக்க வேண்டியவளும் அவள்தான் என்பதால் துப்பவில்லை. பண்ணைக்காரர்களுக்கு மறுபடியும் ஒரு கூட்டம் நடந்தது. டைரக்டர் தன் விழிப்புணர்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சளிக் காய்ச்சல் அந்தப் பருவத்தோடு தானாக அடங்கியது.

ஒரு மாதம் கழித்துத் தம்பி கூப்பிட்டான் என்று பண்ணைக்குப் போனாள். குஞ்சுகள் குஞ்சாக இல்லை. இறக்கை முளைத்து, தீவனத் தட்டில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, கொட்டகை கொள்ளாமல் கத்திக்கொண்டிருந்தன. கதவோரச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒன்று மாட்டியிருந்தான். மூன்றாவது காப்பி.

"பாத்தியா அக்கா? சாமி மாதிரி மனுஷன். விருது வாங்கப் போன இடத்துலயும் என் குஞ்சு நெனப்புதான் அவருக்கு. 'ஒரு குஞ்சின் வாயிலும் ஒரு சொட்டு விழக் கூடாது.' படிச்சவங்க எழுத்தே தனி. அவரப் பாத்து நீயும் கொஞ்சம் கத்துக்க."

"கத்துக்கிறேன்டா" என்றாள்.

"கேளு, முழுசா படிக்கிறேன். 'மருந்துப் பீப்பாய்களை வெளியே அனுப்பக் கூடாது. ஒரு குப்பி மருந்தைச் செல் அறைக்கு உட...'" அவன் நின்றான். சட்டத்துக்குக் கிட்டே போனான். "என்னக்கா இது, பெரிய மனுஷன் மூணு சுழி போட்டிருக்காரு. உன்ன மாதிரியே..."

சிரிக்கத் தொடங்கியவன் சிரிப்பை முடிக்கவில்லை. சிலேட்டைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே அக்கா முட்டி போட்டிருந்ததை மூன்று வகுப்பு கீழே இருந்து பார்த்து, வீடு வரைக்கும் 'மூணு சுழி, மூணு சுழி' என்று கத்திக்கொண்டு வந்தவன் அவன்தான். ஒரு உள்ளங்கையால் மேலே இருந்த தலைப்பை மறைத்தான். இன்னொரு கையால் கீழே இருந்த கையெழுத்தை மறைத்தான். நடுவில் மிச்சம் இருந்த நாலு வரியை உதடு அசைய, முதலிலிருந்து, மறுபடி படித்தான்.

செல்லக்கா ஒரு கோழியைப் பிடித்து அதன் இறக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான் தம்பி. கைகளைச் சட்டத்திலிருந்து எடுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. "பிளாஸ்க் கழுவுறவன்னு சொன்னேனே."

"கழுவுறவதானே" என்றாள் அவள். "தண்ணித் தொட்டி காலியா இருக்கு பாரு. முதல்ல அதுல ஊத்து."